சாவிக்கொத்தைக் கீழே வையுங்கள்

பதிவு நீளமானது. நேரமில்லாதவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள். படிக்காமல் கைகூப்புப் படத்தை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள், எனக்குத் தெரிந்துவிடும்.

நம் சொந்தக்காரர்கள் குழுவில் போன வாரம் ஒரு குரல்பதிவு வந்தது. பேசுகிறவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, என்ன படித்தார் என்பதும் இல்லை. சிசேரியனுக்கு முதுகில் போடுகிற ஊசி நரம்பைக் கொன்றுவிடுகிறதாம். அதற்கு அத்தாட்சி, ஊசி போட்ட பெண்கள் மேசையிலேயே வெடவெடவென்று உதறுவதுதானாம். அந்த உதறல் உடம்பில் தங்கி, பாலில் இறங்கி, பிள்ளைக்கும் இழுப்பு வருமாம். அதனால் பெண்கள் எல்லோரும் "முழு மயக்கம் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டுமாம். இதை நம் வீட்டிலேயே பதினோரு பேர் மேலே அனுப்பியிருக்கிறீர்கள். அதில் மூன்று பேர் பட்டதாரிகள். ஒருத்தி என்னிடம் பத்தாம் வகுப்பில் அறிவியலில் தொண்ணூற்றெட்டு வாங்கியவள். பெயர் சொல்லவில்லை, அவளுக்கே தெரியும்.

வழக்கம்போல் அழித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் என் சித்தி மகளின் பெண் இப்போது எட்டு மாதம். தலைப்பிள்ளை சிசேரியன், இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் முந்தாநாள் போனில் அழுகிறாள். "பெரியம்மா, நான் முழு மயக்கமே கேட்கட்டுமா? அந்த ஆட்டம் இன்னொரு தடவை என்னால முடியாது" என்கிறாள். ஒரு அநாமதேயக் குரல் ஒரு கர்ப்பிணியின் மருத்துவ முடிவில் கை வைக்கிறது. இதற்கு மேலும் நான் சும்மா இருந்தால் முப்பத்துமூன்று வருஷம் சாக்பீஸ் பிடித்ததற்கு அர்த்தமில்லை.

முதலில் ஒன்று. நடுக்கம் உண்மை. அந்தக் குரல்பதிவில் உண்மையாக இருப்பது அது ஒன்றுதான். தண்டுவட மயக்க ஊசி போட்டுச் சிசேரியன் செய்துகொள்ளும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த நடுக்கம் வருகிறது. டப்ளின் மருத்துவர்கள் இரண்டு பேர் 2008-ல் இப்படிப்பட்ட முதுகு ஊசிகள் பற்றிய 21 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். நடுக்கத்துக்கு மருந்து எதுவும் தராத நோயாளிகளில் நடுநிலை அளவு 55 சதவீதம் என்று வந்தது. இது நம் ஊர்ப் பெண்களுக்கு மட்டும் வருவதில்லை, பயந்த பெண்களுக்கு மட்டும் வருவதும் இல்லை.

ஏன் வருகிறது? ஒன்பதாம் வகுப்புப் பாடத்துக்கு வாருங்கள். மனிதன் வெப்ப இரத்தப் பிராணி. உடம்பின் உள்பகுதி 37 டிகிரியில் இருக்க வேண்டும். அதைக் காவல் காப்பது மூளைக்குள் இருக்கும் ஹைப்போதலாமஸ். குளிர்ந்தால் அது முதலில் தோலுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கும், சூட்டை உள்ளேயே பூட்டி வைக்கும். அதுவும் போதவில்லை என்றால் தசைகளை ஆட்டி புதிதாகச் சூடு உண்டாக்கும். மார்கழியில் சிறுமலைக் காற்று இறங்கும்போது நமக்குப் பல் தந்தியடிப்பது அதனால்தான்.

முதுகு ஊசி என்ன செய்கிறது? மார்புக்குக் கீழே வலியை மட்டும் அது நிறுத்துவதில்லை. அந்தப் பகுதியின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் நரம்புகளையும் தூங்க வைத்துவிடுகிறது. குழாய்கள் எல்லாம் அகலத் திறந்துகொள்கின்றன. பேரணையில் புறப்படும் பெரியாறு பிரதானக் கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் உள்ள அத்தனை மடைகளையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் வயலெல்லாம் ஈரமாகும், கால்வாயின் மட்டம் இறங்கிப்போகும். தண்ணீர் காணாமல் போகவில்லை, பரவிவிட்டது. அதே மாதிரி உள்ளே இருந்த சூடு கால்களுக்குப் பரவுகிறது. உள்வெப்பம் முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி வரை இறங்கலாம். அது போக ஏசி, வயிற்றில் தடவும் குளிர்ந்த மருந்து, திறந்த வயிறு, நனைந்த துணி, கையில் ஏறும் குளுக்கோஸ் பாட்டில். அறைச் சூட்டில் இருக்கும் ஒரு லிட்டர் திரவம் உடம்பில் ஏறினால் சராசரி உடல் வெப்பம் கால் டிகிரி குறையும். சிசேரியனில் ஒரு லிட்டரோடு நிற்பதும் இல்லை.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். நம் வீடுகளில் நடக்கும் கூத்துக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஹைப்போதலாமஸ் "நடுங்கு" என்று கட்டளை போடுகிறது. கால் தசைகளுக்கு அந்தக் கட்டளை போய்ச் சேராது, நடுவில் ஊசி மருந்து நிற்கிறது. ஆகவே முழு வேலையும் மேல்பாதியின் தலையில் விழுகிறது. தோள் ஆடும், கை ஆடும், தாடை அடித்துக்கொள்ளும், இடுப்புக்குக் கீழே கட்டை மாதிரி அசைவே இருக்காது. பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? அதோடு, கால்களுக்குச் சூடு பரவியிருப்பதாலும் கீழ்ப்பாதியிலிருந்து குளிர்ச் செய்தி மேலே வராததாலும் மூளை ஏமாந்துபோகிறது. "குளிருதாம்மா?" என்று கேட்டால் பல பெண்கள் "இல்லையே" என்பார்கள். குளிரவில்லை என்கிறாள், காய்ச்சலும் இல்லை, பாதி உடம்பு ஆடுகிறது, பாதி உடம்பு சும்மா கிடக்கிறது. நம் ஆட்களுக்கு வேறென்ன வேண்டும்? வேப்பிலையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

தேடினார்கள். நான்கு வருஷம் முன்னால் இதே பெண்ணுக்கு, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில். பெயர் வேண்டாம். தியேட்டரிலிருந்து அறைக்குக் கொண்டுவந்தபோது நானும் இருந்தேன். கட்டில் சட்டமே கடகடவென்று ஆடியது. தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ் "ஒண்ணுமில்லக்கா, எல்லாருக்கும் வர்றதுதான், சகஜம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டது. அந்தப் பெண்ணின் மாமியார், பாவம், கெட்டவர் இல்லை, பதறிப்போய் முந்தானையில் இருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து மருமகள் கையில் திணித்தார். வலிப்பு என்று நினைத்துவிட்டார். சித்தப்பா முறையில் ஒருவர் இரண்டு கைகளையும் அமுக்கிப் பிடித்தார். இன்னொருவர் "நான் அப்பவே சொன்னேன், உச்சி வேளையில கோயில் பக்கம் போகாதேன்னு" என்றார். தண்ணீர் பாட்டிலில் கொதிக்கக் கொதிக்க வென்னீர் ஊற்றி ஒருத்தி உள்ளங்காலுக்கு வைக்க வந்தாள், அதை மட்டும் நான் பிடுங்கி எறிந்தேன். பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்ட அத்தை, "பால் குடுக்காதே, ஜன்னி பால்ல எறங்கிரும்" என்று சட்டம் போட்டுவிட்டார். முதல் நாள் முழுக்க அந்தப் பிள்ளை சீனித்தண்ணீர் குடித்தது.

அந்தப் பெண்ணுக்குச் சுயநினைவு முழுசாக இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். தன்னைப் பேய் பிடித்தவள் என்று பேசுவதை, தன் பிள்ளையைத் தன்னிடம் கொடுக்க வேண்டாம் என்று முடிவு செய்வதை, வாய் திறந்து ஒரு வார்த்தை தெளிவாகச் சொல்ல முடியாத அளவுக்குத் தாடை ஆடும்போது கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவள் பயப்படுவது ஊசிக்கு என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த அறைக்குத்தான் பயப்படுகிறாள்.

ஆகவே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சாவி எதற்கும் உதவாது. வலிப்புக்கும் உதவாது, நடுக்கத்துக்கும் உதவாது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்வதுதான் உதவும். நடுக்கத்தில் நினைவு இருக்கும், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், கேட்டதற்குத் தலையாட்டுவாள். நினைவு தப்பி, கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்தால் அது வேறு. கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் ஏறியிருந்த பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகும் அப்படி வரலாம், உயிருக்கு ஆபத்து. அப்போது சாவியைத் தேடாமல் நர்ஸைக் கத்திக் கூப்பிட வேண்டும்.

வென்னீர் பாட்டில், சுட்ட செங்கல், தவிட்டு ஒத்தடம் எதையும் காலில் வைக்காதீர்கள். அந்தக் கால் மரத்துக் கிடக்கிறது. தோல் வெந்தாலும் அவளுக்குத் தெரியாது. மருந்து இறங்கிய பிறகுதான் கொப்புளம் தெரியும். அக்கறையில் செய்யும் கொடுமை என்றால் இதுதான். கையை அமுக்கிப் பிடிக்காதீர்கள், நடுக்கம் அமுக்கினால் நிற்காது. "பச்சை உடம்புக்குச் சூடு" என்று சங்கில் பிராந்தி ஊற்றும் வழக்கம் நம் பக்கம் இன்னும் சாகவில்லை. சாராயம் தோலின் இரத்தக் குழாய்களை மேலும் திறந்துவிடும், உள்ளே இருக்கும் சூடு இன்னும் வெளியேறும். சூடு மாதிரி தெரியும், ஆனால் உடம்பு குளிரும்.

பால் விஷயம். நடுக்கம் பாலில் இறங்காது. நடுக்கம் என்பது தசையின் வேலை, கிருமியும் இல்லை, விஷமும் இல்லை. தாயும் பிள்ளையும் சரியாக இருந்தால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நடுங்கும் தாயால் பிள்ளையைத் தனியாகப் பிடிக்க முடியாது, அது வாஸ்தவம். அதற்குத்தானே பக்கத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்? பிள்ளையைத் தாயின் நெஞ்சில் போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்தி, உங்கள் கையைத் தாங்கலாகக் கொடுங்கள். நடுக்கத்துக்கு மருந்து கொடுத்திருந்தால் பால் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மந்திரிக்கிறவரிடம் கேட்காதீர்கள்.

அப்பத்தாக்களைக் கேலி செய்கிறேன் என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். இல்லை. அவர்களுடைய பயத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், நாலாம் நாள் குளிர் நடுக்கம் வந்து, காய்ச்சல் ஏறி, பிதற்றி, செத்துப்போன பெண்களை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். "பிரசவ ஜன்னி" என்று அவர்கள் சொன்னது கருப்பையில் கிருமி ஏறி வந்த காய்ச்சல். வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் 1847-ல், மருத்துவர்கள் குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவிவிட்டுப் பிரசவம் பார்த்தாலே இந்தச் சாவு குறையும் என்று செய்து காட்டினார். அன்றைய பெரிய மருத்துவர்கள் அவரை நம்பவில்லை. அந்த நோய் இன்றும் ஒழியவில்லை. ஆகவே பிரசவமான மறுநாளோ மூன்றாம் நாளோ, வீட்டுக்கு வந்த பிறகோ குளிர் நடுக்கம் வந்தால், கூடவே 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், துர்நாற்றத்தோடு கசிவு, அடிவயிற்று வலி, தையலில் சீழ் இருந்தால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். அப்பத்தாவின் பயம் அந்த இடத்துக்குச் சரியானது. தியேட்டரிலும், அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்திலும் வரும் நடுக்கத்துக்கு அதைக் கொண்டுவந்து ஒட்டியதுதான் தப்பு. இரத்தம் ஏற்றும்போது திடீரென்று நடுக்கம் வந்தாலும் உடனே சொல்ல வேண்டும். இரத்தப்போக்கை நிறுத்தக் கொடுக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரையாலும் நடுக்கமும் காய்ச்சலும் வரும், அது தெரிந்த பக்கவிளைவு. சுகப்பிரசவத்துக்குப் பிறகும் பல பெண்களுக்கு உதறல் வருவதை உங்கள் வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள். முதுகு ஊசியே போடாத அந்தப் பெண்களுக்கு எந்த நரம்பு செத்தது என்று அந்தக் குரல்காரரைத்தான் கேட்க வேண்டும்.

நரம்பு என்று வந்துவிட்டதால் அதையும் முடித்துவிடுகிறேன். ஜெர்மனியில் கீல் நகரத்தில் ஆகஸ்ட் பியர் என்ற மருத்துவர் 1898-ல் இந்த முறையைச் செய்தார். தன் உதவியாளர் உடம்பிலேயே ஊசியைப் போட்டு, மரத்துப்போய்விட்டதா என்று காலில் சுத்தியலால் தட்டியும் சுருட்டால் சுட்டும் பார்த்தாராம். (இப்போது செய்திருந்தால் உள்ளே போட்டிருப்பார்கள்.) மறுநாள் இருவருக்கும் கடுமையான தலைவலி. அந்தத் தலைவலி இன்றும் சிலருக்கு வருகிறது, ஊசி மெல்லிசாக ஆக ஆகக் குறைந்துவிட்டது. 1900-ல் பாசல் நகரத்தில் ஆஸ்கர் கிரைஸ் பிரசவத்துக்கே இதைப் பயன்படுத்தினார். நூற்றிருபத்தைந்து வருஷப் பழக்கம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பெலும்புத் தொடரின் முதல், இரண்டாம் எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடும். ஊசி போடுவது அதற்கும் கீழே. மருந்தின் வேலை சில மணி நேரத்தில் இறங்கிவிடும். நரம்பு பாதிப்பு என்பது மிக மிக அரிது. நடுக்கம் அதற்கு அடையாளமே இல்லை.

முழு மயக்கம் கேட்டு வாங்கச் சொல்கிறாரே, அதுதான் எனக்குக் கோபம் வருகிற இடம். நிறைமாதத்தில் வயிற்றில் இருப்பது மேலே எதுக்களிக்கும், அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. தொண்டை, மூச்சுக்குழல் வீங்கியிருக்கும், குழாய் போடுவது கஷ்டம். இதற்காகத்தான் உலகம் முழுக்கச் சிசேரியனுக்கு முதுகு ஊசியை முதலில் வைக்கிறார்கள். இரத்தப்போக்கு, இரத்தம் உறைவதில் கோளாறு, ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க முடியாத அவசரம் என்று முழு மயக்கம் தேவைப்படும் பெண்களும் இருக்கிறார்கள், அதை மயக்க மருத்துவர் முடிவு செய்வார். வேடிக்கை என்னவென்றால், முழு மயக்கத்திலிருந்து எழும்போதும் நடுக்கம் வரும். இருக்கும் ஆபத்தை ஏற்றிக்கொண்டு, தப்பிக்க நினைத்ததிலிருந்தும் தப்பிக்க முடியாத யோசனை இது.

இதுவரை வீட்டாரைத் திட்டினேன். மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் என் பிள்ளைகள் இதுவரை படித்து "டீச்சர் நல்லாச் சொன்னீங்க" என்று சந்தோஷப்பட்டிருப்பீர்கள். இப்போது உங்கள் முறை.

"சகஜம்" என்ற அந்த ஒற்றைச் சொல். பாதிப் பேருக்கு வருவது என்றால் அதற்கு இரண்டு அர்த்தம் எடுக்கலாம். "பாதிப் பேருக்கு வருவதுதானே, விடு" என்று ஒன்று. "பாதிப் பேருக்கு வரப்போகிறது, முன்னாலேயே ஏற்பாடு செய்" என்று இன்னொன்று. நம் மருத்துவமனைகள் பல முதல் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு வசதியாக உட்கார்ந்துவிட்டன. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் கணக்கில் தோற்றால் "சகஜம்" என்று நான் சொல்லியிருந்தால் என்னைச் சும்மா விட்டிருப்பீர்களா?

நடுக்கம் ஆபத்தில்லாதது என்று சொல்வதும் பாதிதான் உண்மை. நடுங்கும் உடம்புக்கு ஆக்சிஜன் தேவை இரண்டு மடங்குக்கு மேல் போகலாம். திடமான பெண் தாங்கிக்கொள்வாள். இதயக் கோளாறு இருப்பவளுக்கு? இரத்தச்சோகையோடு வருபவளுக்கு? நம் மாநிலத்துக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரத்தச்சோகை இருக்கிறது. கை ஆடும்போது இரத்த அழுத்தக் கருவி சரியான அளவு காட்டாது, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப்பும் தாறுமாறாகக் காட்டும். கண்காணிக்க வேண்டிய நேரத்தில் கண்ணைக் கட்டிக்கொண்ட மாதிரி.

என்ன செய்யலாம் என்பது ரகசியம் இல்லை. பிரிட்டனில் நைஸ் என்ற அரசு அமைப்பு 2021-ல் வெளியிட்ட சிசேரியன் வழிகாட்டுதலில் எழுதியே வைத்திருக்கிறார்கள். அரை லிட்டருக்கு மேல் ஏற்றும் திரவத்தையும் இரத்தத்தையும் 37 டிகிரிக்குச் சூடாக்கி ஏற்று. வயிற்றைக் கழுவும் திரவத்தையும் சூடாக்கு. பெண் நடுங்கினாலோ, குளிர்கிறது என்றாலோ, வெப்பம் 36-க்குக் கீழே போனாலோ வெந்காற்றுப் போர்வை கொடுப்பதை யோசி. பிள்ளை பிறக்கும் அறை 25 டிகிரிக்குக் குறையக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் பச்சைப்பிள்ளைக்காகச் சொல்லி வருஷக்கணக்காகிறது. நம் ஊர் தியேட்டர்களில் ஏசியை எத்தனையில் வைக்கிறீர்கள் என்று உங்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். மூன்று அடுக்கு உடையும் விளக்குச் சூடும் தாங்காமல் வேர்க்கும் மருத்துவருக்காக வைக்கிறீர்கள். மேசையில் கிடப்பவள் உடம்பில் துணி இல்லை. மருந்தும் இருக்கிறது, டிரமடால், பெத்திடின் என்று நம் மருத்துவர்களுக்கு நன்றாகவே தெரிந்தவை. இந்திய மயக்கவியல் இதழ்களில் இந்த நடுக்கத்துக்கு எந்த மருந்து சிறந்தது என்று ஒப்பிட்டு எழுதிய கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. கட்டுரை எழுதும் அளவுக்கு நமக்கு அக்கறை இருக்கிறது. பாட்டிலைச் சூடாக்கும் அளவுக்குத்தான் இல்லை.

சூடாக்கினால் எல்லோருக்கும் நடுக்கம் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு உடல் வெப்பம் சரியாக இருந்தும் வரும். ஆனால் முயற்சியே செய்யாமல் "சகஜம்" என்று சொல்வதற்கு அது சாக்கு ஆகாது.

தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அதற்கு முந்தைய ஆய்வில் 34.1. இந்தியா முழுவதுக்குமான அளவு 21.5 தான். இவ்வளவு தேவையா என்பது தனிச் சண்டை, அதை இன்னொரு நாள் போடுவேன். ஆனால் பாதிக்குப் பாதிப் பெண்களை அந்த மேசையில் ஏற்றிவிட்டு, ஏறினால் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லாமல் இருப்பது என்ன நியாயம்? தனியார் மருத்துவமனைகளின் பிரசவப் பேக்கேஜ் அட்டையைப் பார்த்திருக்கிறேன். கேக் இருக்கிறது, பிள்ளையைக் கூடையில் வைத்துப் போட்டோ எடுப்பது இருக்கிறது, அறையைப் பலூனால் அலங்கரிப்பது இருக்கிறது. சூடான திரவம், வெந்காற்றுப் போர்வை என்று ஒரு வரி நான் பார்த்த எதிலும் இல்லை.

கையெழுத்து வாங்கும் தாள் இங்கிலீஷில் இருக்கிறது. அதில் புருஷன் கையெழுத்துப் போடுகிறான். மேசையில் ஏறப்போகிறவளுக்கு "ஊசி போட்டபின் உனக்குக் கை, தோள், தாடை நடுங்கலாம், நினைவு இருக்கும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்கும், பயப்படாதே, நாங்கள் போர்த்திவிடுவோம்" என்று தமிழில் சொல்ல எத்தனை நொடி ஆகும்? நான் கடிகாரம் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். பதினைந்து நொடி.

நர்ஸ் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒருத்தி எத்தனை கட்டில் பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி சொன்னாள், "டீச்சர், கம்பளி பத்தாதப்போ வீட்டுக்காரங்க கொண்டுவந்ததை வாங்கிப் போர்த்திவிடுவோம், பாட்டிலை முன்னாலேயே வார்மர்ல வச்சிருவோம்" என்று. ஏசி ரிமோட்டைத் தேடி எடுத்துக் கூட்டுவதும் அவள்தானாம். மத்திய அரசின் லக்ஷ்யா திட்டம் 2017-லிருந்து பிரசவ அறையையும் பேறுகால அறுவை அரங்கையும் தரம் பார்த்து மதிப்பெண் போடுகிறது. அரசு மருத்துவமனையில் வசதி குறைவு என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு மதுரைக்கு ஓடுகிறவர்கள், ஓடிப்போன இடத்தில் உங்கள் மகளுக்கு யாராவது தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார்களா என்று ஒரு தடவை கேளுங்கள்.

முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய்க்கு எந்த மாசம் எந்தத் தாளைக் கொடுக்க வேண்டும், எந்தத் தவணை வரவில்லை என்பதெல்லாம் நம் வீட்டில் அத்தனை பேருக்கும் விரல்நுனியில் இருக்கிறது. தப்பில்லை, உரிமைப் பணம். அதே வாயால் மயக்க மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேட்க மட்டும் ஏன் கூச்சம்?

என் சித்தி மகளின் பெண்ணுக்கு எழுதிக் கொடுத்திருக்கும் கேள்விகளை இங்கேயும் போடுகிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். "போன தடவை எனக்கு நடுக்கம் பலமாக வந்தது, இந்தத் தடவை என்ன ஏற்பாடு செய்வீர்கள்? பாட்டிலைச் சூடாக்கி ஏற்றுவீர்களா? பிள்ளை பிறக்கும்வரையாவது ஏசியைக் குறைத்து வைக்க முடியுமா? நடுக்கம் வந்தால் மருந்து உண்டா, அதன் பிறகு எப்போது பால் கொடுக்கலாம்?" அவ்வளவுதான். மருத்துவர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். அவளோடு போகும் துணைக்கும் சொல்லிவிட்டேன். இரண்டு கம்பளி, ஒரு ஜோடி கையுறை, தலைக்குக் கட்ட ஒரு துண்டு, பிள்ளைக்குக் குல்லா. பையில் சாவிக்கொத்து இருந்தால் வெளியே வாசலில் நிற்கும் ஆம்பிளைகளிடம் கொடுத்துவிட வேண்டும்.

குரல்பதிவை அனுப்பிய பதினோரு பேரும் அதை அழித்துவிட்டு, யார் யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களுக்கு இந்தப் பதிவை அனுப்புங்கள். மேலே சொன்ன செவிலிய மாணவி நாளை ராத்திரி எட்டு மணிக்கு டியூட்டி முடிந்து வந்து கீழே பின்னூட்டத்தில் பதில் சொல்லச் சம்மதித்திருக்கிறாள். கர்ப்பிணிகள் முதலில் கேளுங்கள். மாமியார்கள் அவர்களுக்குப் பிறகு.